ஆறும் குளமும்: ‘பாலி ஆறு நகர்கிறது’ – ஒரு மறுநோக்கு

ஈழத்துத் தமிழ்க் கவிதையில் நிலத்தைப் பாடிய கவிதைகள் பல. அவற்றுள் ஒரு தலைமுறைக்கு மேலாக வாசகர் நினைவில் நிலைத்து நிற்பவை மிகச் சில. வ. ஐ. ச. ஜெயபாலன் 1968ஆம் ஆண்டில் எழுதிய ‘பாலி ஆறு நகர்கிறது’ என்னும் கவிதை அச்சிலவற்றுள் ஒன்று. கவிஞர் தமது இருபதுகளின் முற்பகுதியில் எழுதிய இக்கவிதை, பின்னர் அவர் எழுதியவற்றையெல்லாம் அளந்து பார்ப்பதற்கான ஒரு தொடக்கப்புள்ளியாக விமர்சகர்களாற் கொள்ளப்பட்டு வந்துள்ளது. வன்னி நிலம் நவீன கவிதையினுள் முழுமையான ஒரு நிலமாகப் பிரவேசித்த இடம் இது என்று கூறுவோரும் உளர். அக்கூற்றிற் பெரும்பகுதி உண்மை. எனினும், கவிதை காட்டும் வன்னி எந்த வன்னி, அது எதனைத் தெரிந்தெடுத்து எதனை விட்டுவிட்டது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. இயற்கை, காலம், தன்னடையாளம் என்னும் மூன்றும் இக்கவிதையில் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ள முறையினை ஆராய்வதன் மூலமே அவ்வினாவுக்கு விடை காணலாம்.

கவிதையின் புறக்கட்டமைப்பு எளிமையானது. வயல்வெளியில் உழவு நடைபெறுகின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இயந்திரங்களின் ஓசை கேட்கின்றது. ஆயினும் எங்கும் அமைதி. ஆரவாரம் எதுவுமின்றி ஆறு முன்னே செல்கின்றது. காற்றில் நாணல் அசைகின்றது, பறவைகள் ஒலிக்கின்றன, நீரில் மீன் துள்ளி விழுகின்றது. ஆற்றின் ஒரு வளைவுக்கு அப்பால், மறைவில், பெண்கள் நீராடுகின்றனர். இக்காட்சிகளினூடே பண்டார வன்னியனின் நினைவு எழுகின்றது; அவனுடைய படைகள் நடந்த மண் இது என்னும் உணர்வு கவிதையினுட் புகுகின்றது. ஆறு அப்பொழுதும் தன் வழியே செல்கின்றது. நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது எதுவும் கவிதையில் இல்லை.

முதலிற் கவனிக்கவேண்டியது, இக்கவிதையில் அமைதி எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதாகும். அமைதி நிலவுகின்றது என்று சொல்லிவிட்டு அப்பாற் செல்லுதல் இயற்கை வருணனைக் கவிஞர் பலரின் வழக்கம். ஜெயபாலன் அவ்வாறு செய்யவில்லை. அவர் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றார். இயந்திர ஓசை, நாணலின் ஓசை, பறவையின் ஓசை, மீன் விழும் ஓசை, மனிதக் குரல் என்று ஐந்து வகை ஓசைகள் வந்தபின்னும் அமைதி குலையவில்லை. மீன் விழும் ஒலி காதில் விழுகின்றதென்றால் சுற்றுப்புறம் எத்துணை அடங்கியிருத்தல் வேண்டும் என்பதை வாசகனே உய்த்துணர்ந்துகொள்கின்றான். பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’ (1944) இயற்கையின் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனித் தலைப்பிட்டு அழகின் வெளிப்பாடாக நிறுத்தியது. அங்கே பொருள்கள் வாசகனின் முன்னால் வரிசையாக வந்து நிற்கின்றன. இங்கோ பொருள்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. மஹாகவி (1927–1971) ஈழத்துக் கவிதைக்கு வழங்கிய பேச்சோசைப் பாங்கு, யாப்பின் சந்தத்தைக் கைவிடாமலே அதன் இறுக்கத்தைத் தளர்த்தியது. அப்பாங்கு இல்லையாயின் இவ்வாறு தாழ்ந்த குரலில் ஓர் இயற்கைக் கவிதை எழுதப்பட்டிருத்தல் அரிது.

இரண்டாவதாகத் தலைப்பின் வினைச்சொல். ஆறு ஓடும், பாயும், பெருகும், புரளும். ஆறு ‘நகர்கிறது’ என்பது தமிழிற் பெருவழக்கன்று. நகர்தல் என்பது நிலத்தோடு ஒட்டி, இடம்விட்டு இடம் மெல்லப் பெயர்தல். குழந்தை நகரும், நத்தை நகரும், வரிசையில் நிற்கும் மனிதர் நகர்வர். அச்சொல்லின் மூலம் ஆற்றுக்கு வேகம் மறுக்கப்பட்டு உயிர் வழங்கப்படுகின்றது. வினை நிகழ்காலத்தில் நிற்பதும் கருதத்தக்கது. கவிதையினுள் வரும் அரசன் இறந்தகாலத்துக்கு உரியவன். உழவு இயந்திரம் அண்மையில் வந்தது. பெண்களின் நீராடல் நாள்தோறும் நிகழ்வது. இம்மூன்று காலங்களையும் ஒரே நிகழ்கால வினையுள் அடக்கிவிடுகின்றது ஆறு. காலம் கடந்து செல்வதாக அன்றி, எல்லாக் காலமும் உடனிருப்பதாக ஒரு தோற்றம் இதனால் உண்டாகின்றது. கவிதையின் வலிமை அங்கேதான் உள்ளது. அதன் சிக்கலும் அங்கேதான் தொடங்குகின்றது.

தமிழ் மரபிலே நிலமும் பொழுதும் தனித்தனியே வைத்து எண்ணப்படுவனவல்ல. தொல்காப்பியம் இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. முல்லைக்குக் காடும் கார்காலமும் மாலையும். மருதத்துக்கு வயலும் வைகறையும் விடியலும். மேனாட்டார் ஆயர் கவிதை என வழங்கும் வகைக்குத் தமிழில் நேரொத்தது முல்லையே எனலாம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில், மழைக்கால மாலையொன்றினுள், காத்திருப்பவளின் மனத்தையும் பாசறையிலிருப்பவனின் மனத்தையும் நிறுத்திக் காட்டியது. பாலி ஆற்றங்கரை முல்லையும் மருதமும் மயங்கிய நிலம். ஒருபுறம் காடு, மறுபுறம் வயல். நாணலும் பறவையும் மீனும் கருப்பொருள்கள். உரிப்பொருள் எது என்று வினவின், அங்கேதான் நவீன கவிதை மரபிலிருந்து விலகுகின்றது. பிரிவோ ஊடலோ இங்கு உரிப்பொருளாகவில்லை. ‘இது எவருடைய நிலம்’ என்னும் உணர்வே உரிப்பொருளாகின்றது.

அகத்திணையில் ஒருவரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது இலக்கணம். தலைவனுக்குப் பெயரில்லை, தலைவிக்குப் பெயரில்லை. நெடுநல்வாடை அகப்பொருளைப் பாடியும், அதில் வரும் வேப்பந்தார் பாண்டியனைச் சுட்டிவிடுகின்றது என்ற காரணத்தால், உரைமரபு அதனைப் புறத்தில் வைத்தது. ஓர் அடையாளப் பூவே ஒரு பாடலின் திணையை மாற்றப் போதுமானதாயிற்று. ஜெயபாலன் ஆற்றுக்கும் பெயர் சுட்டுகின்றார். அரசனுக்கும் பெயர் சுட்டுகின்றார். பெயர் வந்தவுடன் நாணலும் மீனும் எவருக்கும் பொதுவான இயற்கையாக இருத்தல் இயலாது. அவை ஒரு மக்கட்கூட்டத்தின் உடைமையாகின்றன. அகமாகத் தொடங்கிய கவிதை, பண்டார வன்னியனின் பெயர் வரும் இடத்திற் புறமாகின்றது. கவிதை வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதனை ஓர் இயற்கைக் கவிதையாக மட்டும் படிப்போர் இத்திணை மாற்றத்தைத் தவறவிடுகின்றனர். அரசியற் கவிதையாக மட்டும் படிப்போர் மீன் விழும் ஓசையைத் தவறவிடுகின்றனர்.

கவிதையைக் காணும் கண் எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கற்பாலது. நெடுந்தீவை வேராகக் கொண்ட குடும்பத்தில், 1944இல், உடுவிலிற் பிறந்தவர் ஜெயபாலன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு ஒன்றைத் தவிர, குடாநாட்டின் நீரெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்கடியில், கிணற்றில் உள்ளது. நீர் அங்கே கண்ணுக்குப் புலப்படாதது, துலாவினாலோ இயந்திரத்தினாலோ இறைத்து மேலே கொணரப்பட வேண்டியது, வேலிக்குள் அடைபட்டது, எவருடைய கிணறு என்பதில் வழக்கும் சாதியும் கலந்தது. கவிதை எழுதப்பட்ட அதே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னால் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அந்நிலத்திலிருந்து வரும் ஒருவருக்கு, திறந்த வெளியில், எவருடைய வேலியையும் பொருட்படுத்தாது செல்லும் நீர், பெருவியப்பாகவும் ஓர் ஆறுதலாகவும் இருந்திருத்தல் இயல்பே. கவிதையின் அமைதிக்கு இவ்வியப்பும் ஒரு காரணம். வன்னியிலே பிறந்து வளர்ந்த உழவன் ஆற்றை இவ்வாறு பார்ப்பானா என்பது ஐயத்துக்குரியது. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆயர் கவிதை எம்மொழியிலும் ஆயனால் எழுதப்பட்டதன்று.

உண்மையான பாலி ஆறு, வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் ஊற்றெடுத்து, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களினூடாக வடமேற்கே சென்று கடலில் விழுகின்றது. வன்னியின் ஏனைய ஆறுகளைப் போலவே அதுவும் வடகீழ்ப் பருவமழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் அது கரைபுரளும்; அப்பொழுது ‘நகர்கிறது’ என்னும் சொல் அதற்குப் பொருந்தாது. வைகாசி, ஆனியில் ஆங்காங்கே மடுக்களாகத் தேங்கி, இடையிடையே வெறும் மணலாகக் கிடக்கும். அப்பொழுதும் அச்சொல் பொருந்தாது. ஆண்டின் ஒரு குறுகிய இடைவெளியிலேயே பாலி ஆறு கவிதையில் வருவதுபோல அமைதியாக நகரும். கவிஞர் அந்த இடைவெளியைத் தெரிந்தெடுத்து, அதனை ஆற்றின் நிலையான இயல்பாக்கியுள்ளார்.

இன்னுமொன்று. பாலி ஆறு தன் போக்கிலே தடையின்றிச் செல்லும் ஆறன்று. அதன் குறுக்கே வவுனிக்குளம் உள்ளது. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த தமது பண்டைய இலங்கை பற்றிய நூலில் இக்குளத்தை ஆராய்ந்து, பழைய வரலாற்று நூல்கள் குறிப்பிடும் பேலிவாபி இதுவே எனக் கருதினார். உடைந்து காடுபிடித்துக் கிடந்த அக்குளம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே திருத்தப்பட்டு, அதன் கீழ்க் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. எனவே 1968இல் பாலி ஆற்றையொட்டிய வயல்களில் இயந்திரம் உழுதது ஓர் இயற்கை நிகழ்ச்சியன்று. அணைக்கட்டு, துருசு, வாய்க்கால், காணி வழங்கல் என்பனவற்றால் ஆன பெருமுயற்சியொன்றின் விளைவு அது. கவிதையில் இயந்திரத்தின் ஓசை உண்டு, குளம் இல்லை.

இந்த இன்மையின் பொருளை உணர்வதற்குக் கவிதையின் எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டிருத்தல் போதாது. பாலி ஆற்றுக்கு வடக்கே, கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள அக்கராயன் என்னும் ஊரை அக்கவிதையின் அருகில் வைத்துப் பார்த்தல் பயனுடையது. அக்கராயன் என்பது ஒரே வேளையில் ஊர், ஆறு, குளம் ஆகிய மூன்றின் பெயர். அக்கராயன் என்னும் சிற்றரசன் ஒருவனின் பெயரே ஊருக்கு ஆயிற்று என்பது ஊர்வழக்கு. கிழக்கேயுள்ள கனகராயன் ஆறும் அவ்வாறே ஒரு தலைவனின் பெயரைத் தாங்கியதாகக் கூறப்படும். அவ்வாற்றை மறித்தே இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. வன்னியில் அரசர்களின் பெயர்கள் நீரோடு சேர்ந்தே எஞ்சியுள்ளன. அரண்மனை எஞ்சவில்லை, கல்வெட்டுகளும் அரிது. ஜெயபாலன் பண்டார வன்னியனை ஆற்றங்கரையில் நினைவுகூர்வது அம்மரபினின்றும் வேறுபட்டதன்று. ஆனால் அக்கராயனில் அரசனின் பெயர் குளத்தில் நின்றமையும், கவிதையில் அரசனின் நினைவு ஆற்றில் நின்றமையும் ஒன்றல்ல.

ஆற்றின் காலம் ஒன்று. குளத்தின் காலம் வேறு. ஆறு தானே வருவது, தானே செல்வது. குளமோ ஆண்டுதோறும் புதிதாக நிருவகிக்கப்படுவது. மாரியில் நீர்மட்டம் ஏறும்; வான் பாயும்; கட்டில் கசிவு உண்டா என்று இரவில் விளக்கோடு சென்று பார்ப்பர். காலபோகம் மழையை நம்பி விதைக்கப்படும். அறுவடை முடிந்தபின், எஞ்சிய நீரின் அளவு பார்த்து, எத்தனை ஏக்கரிற் சிறுபோகம் செய்வது, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் நீர் விடுவது என்பவற்றைக் கமக்காரர் கூட்டத்திலே தீர்மானிப்பர். அக்கூட்டம் பெரும்பாலும் அமைதியானதன்று. கடைவாய்க்காற் காணிக்காரன் தலைவாய்க்காற் காணிக்காரனை ஐயுறுவான். இரவோடிரவாக மடையைத் திறந்தவனைப் பற்றிய முறைப்பாடு வரும். கட்டில் ஒரு பொந்து பெருத்தால், ஒரு துருசு பழுதுபட்டால், ஊரின் ஓராண்டே போய்விடும். அக்கராயனில் நீர் அமைதியாக நிற்கின்றதென்றால், பல கைகள் அதனை அமைதியாக நிறுத்தி வைத்திருக்கின்றன என்பதே பொருள். அங்கே இயற்கை என்பது உழைப்பின் மறுபெயர்.

இவ்வேறுபாடு தன்னடையாளம் பற்றிய கருத்தையும் பாதிக்கின்றது. ஆற்றை உருவகமாகக் கொண்டால், ஒரு மக்களின் அடையாளம் பழமையினின்றும் இடையறாது வருவது. ஊற்றில் உள்ளதே முகத்துவாரத்திலும் உள்ளது. பண்டார வன்னியனின் படை நடந்த சுவடு இன்றும் உளது என்னும் உணர்வு இவ்வுருவகத்தின் வழிவந்தது. குளத்தை உருவகமாகக் கொண்டால், அடையாளம் கட்டப்படுவது, உடைவது, கைவிடப்படுவது, மீண்டும் பலர் கூடித் திருத்துவது. வன்னியின் வரலாறு இரண்டாவதையே பெரிதும் ஒத்துள்ளது.

பண்டார வன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுப் பகுதியில் வொன் டிறிபேர்க் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியால் தோற்கடிக்கப்பட்டதும் வரலாறு. தோல்வியைக் குறித்து ஆங்கிலேயர் நாட்டிய கல்லே அவனுடைய நினைவுக்கு நெடுங்காலம் சான்றாக இருந்தமை ஒரு முரண். பனங்காமம் வன்னிமைகளுள் முதன்மையானது. அது பாலி ஆற்றுப் பிரதேசத்தைச் சார்ந்தது. ஆதலால் வன்னித் தலைவன் ஒருவனை அவ்வாற்றங்கரைக்குக் கொணர்வதிற் கவிஞர் தவறேதும் இழைக்கவில்லை. சிக்கல், அவனுக்கும் உழவு இயந்திரத்துக்கும் இடைப்பட்ட நூற்றறுபத்தைந்து ஆண்டுகள் கவிதையில் இல்லாதிருப்பதே. ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை 1895இல் வெளியிட்டார். அக்காலத்து ஆட்சியாளர் கண்ட வன்னி, காய்ச்சலாலும் வரட்சியாலும் குடிகள் அருகி, குளங்கள் உடைந்து, ஊர்கள் காட்டுக்குள் ஒடுங்கிய வன்னி. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்தினால் மலேரியா கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே அங்கே பெருமளவிலான குடியேற்றம் சாத்தியமாயிற்று. இதே உலர்வலயத்தின் தென்கோடியில், அம்பாந்தோட்டைப் பகுதியில், ஒரு சிற்றூரைக் காடு எவ்வாறு விழுங்குகின்றது என்பதை லியனாட் வூல்ஃப் 1913இல் நாவலாக எழுதினார். வன்னியின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு அத்தகைய ஒரு நாவல் தமிழில் எழுதப்பட்டிருக்குமாயின், பாலி ஆற்றங்கரையின் அமைதிக்கு வேறொரு பொருளும் உண்டென்பது வாசகர்க்கு முன்னரே தெரிந்திருக்கும். குடிகள் ஒழிந்த நிலமும் அமைதியாகத்தான் இருக்கும்.

குளங்கள் திருத்தப்பட்டபோது வந்து குடியேறியோர் எவர்? பழைய வன்னிக் குடிகள் சிலர். குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்தோர் பலர். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர், 1970களின் உணவுப் பஞ்சத்தாலும் 1977இன் வன்செயலாலும் பெயர்ந்து, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளின் காட்டோரங்களில் வந்து குடியிருந்தனர். அவர்களுட் பலர் பிறருடைய வயலிற் கூலிக்கு உழைத்தனர். காணி உறுதி இல்லாமலே ஒரு தலைமுறையைக் கழித்தனர். இவர்களுடைய பாட்டனார் எவரும் பண்டார வன்னியனின் படையில் நடந்தவரல்லர். அச்சுவட்டைக்கொண்டு நிலத்தின் உரிமையை அளந்தால், வாய்க்கால் வெட்டியவனும் கட்டுக்கு மண் சுமந்தவளும் வெளியே நின்றுவிடுவர். 1968இன் இளங்கவிஞர் ஒருவரிடம் பின்னர் நிகழவிருந்தவற்றைக் கேட்டல் நியாயமன்று. ஆனால் அக்கவிதை இன்றும் பாடப்பரப்பிலும் மேடையிலும் வன்னியின் குரலாக முன்வைக்கப்படும்பொழுது, அக்குரலில் எவருடைய குரல்கள் சேரவில்லை என்று கேட்டல் விமர்சனத்தின் கடமையாகும்.

ஆயர் கவிதை இக்கேள்வியைத் தவிர்த்தே வளர்ந்தது என்று எண்ணுதல் தவறு. வேர்ஜிலின் முதலாவது ஆயர் பாடலிலேயே இருவர் உரையாடுகின்றனர். ஒருவன் மர நிழலிற் சாய்ந்து குழலிசைக்கின்றான். மற்றவன், போர்வீரர்க்கு வழங்குவதற்காகத் தன் நிலம் பறிக்கப்பட்டமையால், ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறுகின்றான். கி.மு. முதலாம் நூற்றாண்டின் நில அபகரிப்பு அப்பாடலின் பின்னணி. நிழலில் இருப்பவனின் அமைதி, வெளியேறுபவனின் முன்னிலையில் வைத்தே காட்டப்படுகின்றது. றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட, நாடும் நகரும் பற்றிய தமது நூலில், பிற்கால ஆங்கிலக் கவிஞர் இந்த இரண்டாவது மனிதனை மெல்ல மெல்ல அகற்றிவிட்டு நிழலை மட்டும் வைத்துக்கொண்டமையை எடுத்துக்காட்டினார். பாலி ஆற்றங்கரையில் நிழல் உண்டு. வெளியேறுபவனும் இல்லை, புதிதாக வந்தவனும் இல்லை.

வன்னியின் வாய்மொழிப் பாடல்கள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் வயலைத் தின்ன வரும் பன்றியையும் குருவியையும் பொருளாகக் கொண்டவை. அங்கே பறவை இசைப்பதற்காக வருவதில்லை. கதிரைக் கொய்வதற்காக வருகின்றது. இயற்கை அங்கே எதிராளி. சில வேளைகளில் நகைப்புக்குரிய எதிராளி. பேரம் பேசி விரட்டப்படவேண்டிய விருந்தாளி. இரவெல்லாம் காவற்பரணில் விழித்திருந்தவனுக்குப் பறவையொலி சங்கீதமாகத் தோன்றாது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) நாவல், தண்ணிமுறிப்புப் புறத்துக் காட்டையும் வயலையும் பாத்திரங்களின் உழைப்பினூடாகவும் அச்சத்தினூடாகவும் காட்டியமையால், இவ்வாய்மொழி மரபுக்கு ஜெயபாலனின் கவிதையைவிட நெருங்கி நிற்கின்றது. ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதற்கு இது காரணமாகாது. நாவலுக்கு இடமுண்டு, கவிதைக்கு ஒரு கணமே உண்டு.

பெண்கள் நீராடும் பகுதியைப் பற்றியும் சில கூறவேண்டும். கவிதையின் இப்பகுதி பலராலும் அழகுணர்ச்சிக்காகப் பாராட்டப்பட்டது. ஆற்றின் வளைவும் நாணலின் மறைவும் கரையில் நிற்கும் ஆண்மகனின் கண்ணைக் கருதியே அமைக்கப்பட்டுள்ளன. பெண்கள் தங்களைத் தாங்களே காணும் இடம் கவிதையில் இல்லை. இது அக்காலத்துக் கவிதைகள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான குறை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். கவிதையிற் கூட்டமாக, ஓசையாக, உயிர்ப்போடு வரும் மனிதர் அப்பெண்களே. உழவர்கள் ஓர் இயந்திர ஓசையாகத் தேய்ந்துவிட்டனர். அரசன் ஒரு பெயராகிவிட்டான். நாள்தோறும் அதே துறைக்கு வந்து, துவைத்து, குளித்து, ஊர்க்கதை பேசிச் செல்லும் இப்பெண்களின் மீள்நிகழும் காலமே உண்மையில் அந்த நிலத்தின் தொடர்ச்சிக்குச் சான்று. அரசனின் சுவட்டை மழை அழிக்கும். துறைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை நடப்பதாலேயே நிலைக்கும். கவிஞர் அடையாளத்தை அரசனிடத்தே தேடினார். கவிதையோ, அவரையறியாமலே, அதனைத் துறையிற் காட்டிவிட்டது.

ஆகவே கவிதையின் சிறந்த பகுதி எது என்பதில் ஐயமில்லை. பண்டார வன்னியனை நினைவுகூரும் இடம் உணர்ச்சி மிக்கது. ஆயினும் பெயரின் வலிமையால் நிற்பது. பெயரை அகற்றின் அங்கே எஞ்சுவது குறைவு. ஓசைகளினூடே அமைதியைக் கட்டும் பகுதி அவ்வாறன்று. அங்கே அமைதி ஒரு தரப்பட்ட பொருளன்று. நாணலும் மீனும் இயந்திரமும் மனிதரும் சேர்ந்து, ஒவ்வொன்றும் தன் அளவினுள் அடங்கி, காத்து நிற்பது. அது ஆற்றின் அமைதியைவிடக் குளத்தின் அமைதிக்கு நெருக்கமானது. கவிதையின் காதிலே குளம் இருந்தது. அதன் கருத்திலே ஆறு இருந்தது.

பின்வந்த ஆண்டுகள் கவிதையின் சொற்களையும் மாற்றிவிட்டன. 1996 செப்டெம்பரிற் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானபோது அந்நகரத்தவரும், அதற்கு முன்னரே குடாநாட்டிலிருந்து பெயர்ந்து வந்தோரும், அக்கராயன், ஸ்கந்தபுரம் முதலிய உள்ளூர்களில் மரங்களின் கீழும் பாடசாலைகளிலும் தங்கினர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் போர் பாலி ஆற்றைக் கடந்து, அக்கராயனையும் கடந்து, கிழக்கே சென்றது. அவ்வூரவரும் முன்னர் அங்கே அடைக்கலம் புகுந்தோரும் ஒரே வீதியிற் சென்றனர்; முந்திய குடி, பிந்திய குடி என்னும் வேறுபாட்டை அவ்வீதி பார்க்கவில்லை. நகர்தல் என்னும் வினை அவ்வாண்டில் ஆற்றை விட்டு மக்களிடம் வந்துவிட்டது. 2010ஐ ஒட்டிய காலத்தில் மக்கள் மீளத் திரும்பியபோது வீடுகளுக்குக் கூரை இல்லை, வேலிகள் இல்லை, எல்லைக் கற்களை அடையாளங் காண்பதிற் பிணக்குகள் எழுந்தன. குளம் இருந்தது. துருசையும் வாய்க்கால்களையும் பார்த்து, மண்ணும் புதரும் அகற்றி, நீர்மட்டத்தை அளந்து, அவ்வாண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பேசுவதற்கு அவர்கள் மறுபடியும் கூடவேண்டியிருந்தது. அக்கூட்டத்தில் வாய்க்கால் தலைப்பிலுள்ளோரும் கடைக்கோடியிலுள்ளோரும் இருந்தனர். உறுதி உள்ளோரும் இல்லாதோரும் இருந்தனர். நீர் எல்லோருக்கும் போதாது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.